19 அடிச் சுருள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கேமராவோடு போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். 13 நிலைகளோடு சுமார் 66 மீட்டர் உயரத்துக்கு எழும் விமானம் அப்படிப் பார்க்க வைக்கிறது. ஆனால் அந்தக் கோயிலில் எடுக்கப்பட்ட மிகப் பழைய புகைப்படங்களுள் ஒன்றில் விமானத்தின் உயரம் என்ற பேச்சே கிடையாது. வானம் இல்லை, கலசம் இல்லை, நந்தி இல்லை. விமானத்தின் அடித்தளமும் அதில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு வரிகளும் 19 அடி நீளத்துக்கு ஓடுகின்றன. 21 படங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் செய்த தாள்சுருள் அது. எடுத்த ஆண்டு 1858. எடுத்தவர் சென்னைப் படையின் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்.

ஒரு பட்டாளத்துக்காரர், யாரும் நின்று பார்க்காத இடுப்புயரக் கல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பழைய கோயில்களையும் குகைகளையும் பதிவு செய்ய அதுவரை ஓவியர்களை அனுப்பினார்கள். அது மெதுவாக நடக்கும் வேலை, செலவும் அதிகம், ஓவியரின் கைக்குத் தக்கபடி கட்டடமும் மாறும். 1850களின் நடுவில் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் இந்த வேலைக்குக் கேமராவைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பம்பாய் மாகாணம் ஒரு படை அதிகாரியை நியமித்தது. சென்னை மாகாணம் 1856-இல் ட்ரைப்பை அரசாங்கப் புகைப்படக்காரராக்கியது.

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்த ட்ரைப், பதினேழு வயதை ஒட்டிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தவர். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது புகைப்படக் கலையைப் பழகிக்கொண்டார். 1853-இல் தொடங்கிய லண்டன் புகைப்படச் சங்கத்தில் அந்த ஆண்டே உறுப்பினரானார். திரும்பி வந்ததும் 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு பர்மா அரசரிடம் சென்ற தூதுக்குழுவோடு அமரபுரத்துக்குப் போய் இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு வந்து சேர்ந்தார். அரசாங்க வேலை கைக்கு வந்தபோது, இந்த நாட்டு வெயிலில் எது நிற்கும், எது உருகும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

உருகும் என்று சொன்னது மெழுகை. சுருளின் கதை ஒரு தாளில் தொடங்குகிறது. குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1851-இல் வெளியிட்ட மெழுகுத்தாள் முறையைத்தான் ட்ரைப் தமக்கேற்ப மாற்றிக் கையாண்டார். நெகட்டிவ் என்பது இங்கே கண்ணாடியோ ஃபிலிமோ இல்லை, நல்ல எழுதுதாள். அதை உருக்கிய மெழுகில் தோய்த்து, மிகுந்த மெழுகை ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்துச் சூட்டுப்பெட்டியால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். படம் எடுக்கும் நாள் நெருங்கியதும் வெள்ளி நைட்ரேட்டில் போட்டு ஒளியுணர்ச்சி ஏற்றிக் கழுவி, இருட்டில் உலர்த்த வேண்டும். இப்படிப் பக்குவம் செய்த தாளைக் குளிர்நாடுகளில் பல நாள் வைத்திருக்கலாம். வெயில் நாட்டில் அந்த அவகாசம் சுருங்கும். கேமராவில் ஏற்றி நிமிடக் கணக்கில் ஒளி காட்டியபின், கேலிக் அமிலக் கரைசலில் போட்டு உருவம் எழும்பக் காத்திருக்க வேண்டும். அது மணிக்கணக்கில் நடக்கும். ஹைப்போவில் நிலைநிறுத்தி, கழுவி, மெழுகு மறுபடி தெளிவாகும்படி இன்னொரு முறை சூடு காட்டினால்தான் ஒரு நெகட்டிவ் முடியும்.

ஊர் ஊராகப் போகிறவருக்கு இதுதான் தோதான வழி. அதே காலத்தில் பரவிக்கொண்டிருந்த ஈரக் கொலோடியன் முறை நுணுக்கத்தில் பல மடங்கு மேலானது. ஆனால் கண்ணாடியில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். தஞ்சாவூர் வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தாங்கும்! ட்ரைப் சிறிய இரட்டைப் படங்களுக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பெரிய படங்களுக்குத் தாளையே நம்பினார். பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமராதான் வேண்டும். பிரதி எடுப்பதென்றால் நெகட்டிவை உப்பும் வெள்ளியும் ஏற்றிய தாள்மேல் அழுத்தி வைத்து வெயில் காட்டுவதுதான் வழக்கம். எனவே நெகட்டிவ் என்ன அளவோ பிரதியும் அதே அளவு. அவருடைய தாள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அதை ஏந்தும் கேமரா, முக்காலி, ரசாயன ஜாடிகள், தட்டுகள், கழுவத் தண்ணீர் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார்.

அந்த மாதங்களில் வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. தெற்கே ஒரு படை அதிகாரி சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று கோயில் கோயிலாகக் கேமரா நாட்டிக்கொண்டிருந்தார். தஞ்சை அரண்மனையும் அவர் பட்டியலில் இருந்தது. கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி எடுத்துக்கொண்ட அரண்மனை அது. வீட்டை எடுத்துக்கொண்டவரே வீட்டைப் படமும் எடுக்கிறார் என்பதை அந்தப் படங்களைப் பார்க்கும்போது மறக்க முடியவில்லை. 1858 ஏப்ரல் கடைசிவரை நடந்த அந்தப் பயணத்தில் 250-க்கும் மேற்பட்ட பெரிய நெகட்டிவ்கள் தேறின.

கட்டடத்தைப் படம் எடுப்பவரின் முதல் கவலை செங்குத்துக் கோடு. உயரமான கோபுரம் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்று கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் போதும், இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து கோபுரம் பின்னால் விழப்போவதாகத் தெரியும். சாய்க்காமல் மட்டமாக வைத்தால் உச்சி வெட்டுப்படும், பாதிப் படத்தில் வெறும் தரைதான் இருக்கும். லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம், பின்னால் தள்ளிப் போகலாம், எதிரே மாடி இருந்தால் ஏறலாம். அன்றைக்கும் இன்றைக்கும் வழி இவ்வளவுதான். மதுரையில் கோபுரத்தை ஒட்டித் தெருவும் வீடுகளும் நெருக்கும். பெரிய கோயிலின் பிராகாரமோ சுமார் 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. தமிழ்நாட்டில் புகைப்படக்காரருக்கு இவ்வளவு இடம் விட்டுக் கட்டிய கோயில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. ட்ரைப்பும் தள்ளி நின்று விமானத்தை எடுத்திருக்கிறார், அருமையாகவே எடுத்திருக்கிறார்.

அடித்தளக் கல்வெட்டுக்கு அந்த வித்தை எதுவும் உதவாது. தள்ளி நின்றால் எழுத்து தெரியாது. கிட்டே போனால் சுவரில் ஒரு துண்டுதான் அகப்படும். கட்டடம் என்பது ஒரே இடத்தில் நின்று பார்க்கிற பொருள் என்று கேமரா வைத்திருக்கும் எண்ணம் இங்கே உடைந்துபோகிறது. விமானத்தை நின்று பார்க்கலாம். கல்வெட்டை நடந்துதான் படிக்க முடியும். கேமராவையும் நடத்தியாக வேண்டும். ட்ரைப் அதைத்தான் செய்தார். அகலப் படம் எடுத்த மற்றவர்கள் குன்றுமேல் ஒரே இடத்தில் முக்காலியை நாட்டிக் கேமராவைத் திருப்பித் திருப்பி நகரங்களை எடுத்தார்கள். இவர் சுவருக்கு இணையாகக் கேமராவையே நகர்த்திக்கொண்டு போனார்.

அதில் என்னென்ன கெட்டுப்போகும் என்று யோசித்தால்தான் வேலையின் கடுமை புரியும். அடித்தளம் முழுக்கக் கிடைக்கோடுகள்: உபபீடம், அதற்குமேல் ஜகதி, குமுதம், யாளி வரி. கேமரா சுவருக்கு மிகச் சரியாக இணையாக இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பிவிட்டால், கோடுகள் ஒரு முனையில் நெருங்கி மறுமுனையில் விரியும். ஒற்றைப் படத்தில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பக்கத்துப் படத்தோடு ஒட்டும்போது கோடு படிக்கட்டாகிவிடும். தூரம் ஒரு சாண் மாறினால் எழுத்தின் அளவு மாறும். முக்காலியின் உயரம் மாறினால் கல்லின் மேல்முகம் ஒன்றில் தெரியும், இன்னொன்றில் மறையும். அந்தக் கால லென்ஸ்களில் ஓரம் நோக்கிப் போகப் போக நேர்கோடு வளையும். 19 அடியை 21-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 11 அங்குலம்தான் வருகிறது. வழக்கமான தாளின் நீளப்பக்கம் அதைவிட அதிகம். ஓரங்களை வெட்டி, நடுவில் உள்ள நல்ல பகுதியை மட்டும் எடுத்துச் சேர்த்திருக்க வேண்டும். தரையில் கயிறு பிடித்துக் குறி போடாமல் இது நடந்திருக்காது என்பது என் ஊகம். நில அளவை தெரிந்த ராணுவக்காரரின் மூளை இங்கே கலைஞரைவிட அதிகம் வேலை செய்திருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். கல்லில் வெட்டிய எழுத்துக்கு நிறம் கிடையாது, பள்ளம்தான் எழுத்து. பள்ளத்தில் நிழல் விழுந்தால் எழுத்து உண்டு, விழாவிட்டால் இல்லை. சுவருக்கு நேர் எதிரே சூரியன் நின்றால் கல்வெட்டு கண்முன்னாலேயே காணாமல் போய்விடும். சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் வெயில்தான் வேண்டும். அது ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக் கணக்கில் ஒளி காட்ட வேண்டும், அதற்குள் நிழல் நகரும். அடுத்த படத்தில் நிழலின் கோணம் வேறாக இருந்தால் ஒட்டிய இடம் காட்டிக்கொடுக்கும். அவர் சுற்றிய டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்குச் சுவரில் நேர்வெயில் விழுவது அபூர்வம்.

தாளுக்கும் தன் குணம் உண்டு. அந்த ரசாயனம் நீலத்தைத்தான் நன்றாக உணரும், சிவப்பைக் கிட்டத்தட்ட உணரவே உணராது. பெரிய கோயிலின் கல்லோ செம்மை ஏறியது. எனவே கல் கருத்துப் பதியும், வானம் வெளுத்துப் போகும். விமானத்தை எடுக்கும்போது இந்த வெற்று வானம் ட்ரைப்பை உறுத்தியிருக்க வேண்டும். பல நெகட்டிவ்களின்மேல் தூரிகையால் வண்ணம் பூசி மேகங்களை வரைந்தார். மரங்களின் கருத்த இலைக்கூட்டத்தையும் அப்படியே தூரிகையால் சரிசெய்தார். ஓவியரை நம்ப முடியாது என்றுதானே கேமராவைக் கொண்டுவந்தார்கள்? கல்வெட்டுச் சுருளில் வானமே இல்லாததால் அந்தச் சபலத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அவருடைய படங்களில் மிக நேர்மையானது அதுதான் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெகட்டிவ்கள் பெங்களூர் திரும்பின. அங்கே பழக்கப்பட்ட உதவியாளர்கள் வெயிலில் சட்டம் சட்டமாக வைத்துப் பிரதி எடுத்தார்கள். பர்மா படங்களுக்காக அவர்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்துக் கைதேர்ந்தவர்கள். ஒரே நெகட்டிவின் பிரதிகளிலேயே வெயிலின் அளவுக்கேற்ப நிறம் மாறும் என்றால், 21 வெவ்வேறு நெகட்டிவ்களை ஒரே சாயலில் கொண்டுவருவது அந்தப் பட்டறையின் கைத்திறன். ஆனால் சுருளில் இருக்கும் பெயர் ட்ரைப்புடையது மட்டுமே.

1858-இல் மதுரை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் – திருவையாறு என்று தனித்தனித் தொகுப்புகள் வெளிவந்தன. அதே ஆண்டு நவம்பரில் கம்பெனி ஆட்சியே முடிந்து பிரிட்டிஷ் அரசி பெயரில் ஆட்சி தொடங்கியது. வேலை சொன்ன முதலாளி வேலை முடியும்போது இல்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், கிளர்ச்சியை ஒட்டி வந்த பணமுடையில் புகைப்படப் பிரிவை ஆடம்பரமென்று கருதி மூடினார். ஓவியரைவிட மலிவு என்று தொடங்கியது, நான்கு ஆண்டுகூட முடியாமல் கட்டுப்படியாகாத செலவாகிவிட்டது. ட்ரைப் படைக்குத் திரும்பினார். அதன்பிறகு அவர் பெரிதாகப் படம் எடுக்கவில்லை. ஓய்வுபெற்று ஊர் திரும்பி, 1902-இல் இறந்தார்.

எந்தக் கல்வெட்டுக்காக இவ்வளவும் நடந்ததோ அதை முழுதாகப் படிக்க இன்னும் முப்பது ஆண்டு பிடித்தது. 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டு அறிஞராக நியமிக்கப்பட்ட ஹுல்ட்ஷ், தஞ்சைக் கல்வெட்டுகளை முறையாகப் படித்தார். அவர் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியின் முதல் பகுதி 1891-இல் வந்தது. தானும் தன் அக்கன் குந்தவையும் தன் தேவியரும் மற்றவரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி முதலாம் ராஜராஜன் இட்ட ஆணை, ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்த பொன்னின் கணக்கு என்று ஆயிரம் ஆண்டுப் பழைய வரவேடு அதில் திறந்தது. ஆனால் அந்த வாசிப்புக்குக் கைகொடுத்தது புகைப்படத்தைவிட மைப்படி. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மைப்பஞ்சால் ஒற்றி எடுப்பது அது. சூரியன் எங்கே இருந்தாலும் கவலையில்லை. கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும், அளவும் கல்லில் உள்ளபடியே இருக்கும். எழுத்தைப் படிக்கும் போட்டியில் கேமரா தோற்றது என்று ஒப்புக்கொள்ளலாம்.

மைப்படியில் வராத ஒன்று சுருளில் உண்டு: எழுத்து எந்த உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது. எந்த வரி எங்கே கல் இணைப்பைத் தாண்டுகிறது, எங்கே கல் உதிர்ந்திருக்கிறது, 1858-இல் அடித்தளம் எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் அதில்தான். கல்வெட்டைக் கட்டடத்திலிருந்து பிரித்துத் தாளுக்குக் கொண்டுபோகிறது மைப்படி. சுருளில் கட்டடமே எழுத்தைச் சுமந்துகொண்டு போகிறது. சென்னை அரசு 1867–68-இல் எட்மண்ட் லயன் என்ற இன்னொரு முன்னாள் படை அதிகாரியிடம் கோயில்களைப் படமெடுக்கச் சொன்னது. அவர் கண்ணாடி நெகட்டிவ்களில் ட்ரைப்பைவிடத் துல்லியமான படங்கள் எடுத்தார். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அவற்றுக்குக் குறிப்பெழுதினார். அழகான கோபுரங்கள், மண்டபங்கள், தூண்வரிசைகள். சுவரோடு கூடவே நடந்து 19 அடி தாளை நிரப்ப அவர் முயலவில்லை, முயலத் தேவையும் இல்லை.

ட்ரைப்பின் வழி அதே கோயிலில், வேறொரு நெருக்கடியில் திரும்ப வந்தது. கருவறையைச் சுற்றி, விமானத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருட்டான ஒடுங்கிய சுற்றுப்பாதை இருக்கிறது. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டுபிடித்தார். ஓவியம் பல அடி உயரம். பின்னால் நகர இடமில்லை. எந்த லென்ஸும் முழு ஓவியத்தையும் கோணாமல் காட்டாது. பல ஆண்டுகள் அவற்றின் துண்டுப் படங்களைத்தான் புத்தகங்களில் பார்த்தோம்: சுந்தரர் வெள்ளை யானையில் போவது ஒரு பக்கம், திரிபுராந்தகர் முகம் ஒரு பக்கம். டிஜிட்டல் கேமரா வந்தபின் தொல்லியல் துறையினர் ஓவியத்தைக் கட்டம் கட்டமாக, ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்துக் கணினியில் கோத்தார்கள். அந்த ஓவியங்களை நேரில் தள்ளி நின்று பார்க்க யாருக்கும் இடமில்லாததால், இணைத்த படத்தில் மட்டுமே அவற்றை முழுதாகப் பார்க்க முடியும். ட்ரைப் அந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் செய்ததை இவர்கள் உள்ளே செய்தார்கள்.

கம்பெனி திரட்டிய ஏடுகளும் படங்களும் லண்டனில் இந்தியா ஆஃபீஸ் நூலகத்துக்குப் போய், 1982-இல் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்தன. நெடுங்காலம் அவை ஆட்சிக் காகிதங்களாகவே கிடந்தன. கலையென்று அவற்றைப் பார்க்கத் தொடங்கியது பின்னால்தான். 2014–15-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்றும் ட்ரைப் படங்களின் பெரிய கண்காட்சியை அடுத்தடுத்து நடத்தின. 19 அடிச் சுருளும் அதில் பேசப்பட்டது. அங்கே அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கோடுகளும் புள்ளிகளுமாக ஓடும் ஓர் அழகிய பரப்பு. படிக்கத் தெரிந்தவர்கள் வாழும் ஊரில் அதன் நல்ல அச்சுப்பிரதி ஒன்றைக் கோயில் வளாகத்திலோ தஞ்சை அருங்காட்சியகத்திலோ முழு நீளத்துக்கு விரித்து வைத்தால் என்ன? செலவொன்றும் பெரிதில்லை.

கையில் மொபைல் இருக்கிறதே, நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: பனோரமா வசதி இதற்கு உதவாது. அது ஒரே இடத்தில் நின்று திரும்புவதற்காகச் செய்தது. நேரான அடித்தளம் வில்லாக வளைந்து வரும். சுவரிலிருந்து ஒரே தூரத்தில் ஒரு கோடு வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் பாதிக்கு மேல் மூடும்படி எடுத்து, வீட்டில் மென்பொருளில் கோக்க வேண்டும். முக்காலி வைப்பதானால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதக் காலை வெயில் நல்லது. மேற்குச் சுவருக்கு உச்சி சாய்ந்த உடனே போக வேண்டும். வடக்குச் சுவருக்கு மே, ஜூன் மாதங்களில் போக வேண்டும், அப்போது சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வெயில் நாள் முழுவதும் சுவரை உரசும்.